வேம்பில் கட்டிய மஞ்சள் துணி

என் மகளுக்கு,

நீ கேட்ட மிளகாய்த்தூளும் கூனி இறாலும் இந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. மருமகனுக்கு நம் ஊர்த் தயிர்மேல் உள்ள ஆசை எனக்குத் தெரியும், ஆனால் அதை விமானத்தில் அனுப்பும் வித்தை எனக்குத் தெரியாது, மன்னிக்கச் சொல். எல்லாவற்றுக்கும் அடியில், விரித்த பத்திரிகைத் தாளுக்குக் கீழே, ஒரு நீலக் கோவை இருக்கும். அதற்குள் ஒரு படிவம். நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக, பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி இட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிக்காமல் அந்தப் படிவத்தில் கை வைக்காதே. படித்து முடித்த பிறகும் வைக்க மனம் வராவிட்டால், உன்னைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

படிவம் மின்சாரசபைக் கந்தோரிலிருந்து வந்தது. நம் முன்வளவில் நிற்கும் வேம்பை அடியோடு வெட்ட வளவின் உரிமையாளர் சம்மதிக்கிறார் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த உரிமையாளர் நீ. நம் ஊர் வழக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். உன் கலியாணத்துக்கு முதல் கிழமை உறுதி எழுதும் நொத்தாரிசு வீட்டுக்குப் போய், கல்லடியில் எனக்கென்று இருந்த அந்த ஒரு துண்டு நிலத்தை உன் பெயருக்கு எழுதியபோது நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா? கடமை முடிந்தது என்று நினைத்தேன். அந்த மரத்தையும் சேர்த்து எழுதினேன் என்பது அப்போது மனதில் வரவில்லை. மரத்தோடு நான் செய்த பிழையையும் சேர்த்துத்தான் உனக்குச் சீதனமாகத் தந்திருக்கிறேன்.

போன கிழமை தொலைபேசியில் நீ சொன்னாய்: “அப்பா, ஆர் வந்து கேட்டாலும் அந்த மரத்தில மட்டும் கை வெக்க விடாதீங்க. அது நிண்டாத்தான் அது என்ட வீடு.” நான் “ஓம் மனே” என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது இந்தப் படிவம் என் மேசையில் கிடந்தது. அந்த மரத்தைப் பற்றி உன்னிடம் நான் பொய் சொன்னது அது முதல் தடவையல்ல. முதல் பொய் எது என்று சொல்லத்தான் இவ்வளவு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கடல் வந்த அந்தக் காலையைப் பற்றி நீயும் நானும் நேராகப் பேசிக்கொண்டதே இல்லை. உனக்கு அப்போது பதினாறு வயது. அம்மா போய் மூன்று வருடம். மழை வெள்ளம் வயல் வட்டையில் தேங்கி நெல் அழுகப் பார்க்கிறது என்று, உன்னைத் தனியே விட்டுவிட்டு நான் விடியவே சைக்கிளில் வவுணதீவுக்குப் போயிருந்தேன். வரம்பில் நின்று வாய்க்காலைத் திறந்துகொண்டிருந்தபோதுதான் யாரோ ஓடிவந்து, கல்லடியைக் கடல் எடுத்துவிட்டது என்று சொன்னார்கள். கடல் எப்படி ஊரை எடுக்கும் என்று நான் அந்த மனிதரிடம் கேட்டேன். விஞ்ஞானம் படிப்பிக்கும் வாத்தியார் கேட்ட கேள்வி அது. சைக்கிளை எங்கே போட்டேன், கல்லடிப் பாலத்தை எப்படிக் கடந்தேன் என்பது இன்றைக்கும் ஞாபகம் இல்லை. நம் தெரு, அந்த ஒழுங்கை, இருந்த இடத்தில் வேலிகள் இல்லை, சுவர்கள் இல்லை. வேம்பு மட்டும் நின்றது. அதன் கவட்டில் நீ இருந்தாய். இரண்டு கையாலும் கொப்பைக் கட்டிப்பிடித்திருந்தாய். நான் கூப்பிட்டேன். உனக்குக் கேட்கவில்லை, அல்லது என் குரலை நீ நம்பவில்லை.

உன்னை இறக்கியது நான் அல்ல, எதிர்வளவு மகேசு அக்கா. இடுப்புக்கு மேலே சேறு, தலைமுடி அவிழ்ந்து, கீழே நின்று, ஏதோ பள்ளிக்கூடம் போகப் பிந்துகிற பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள். “இறங்கு மனே. கடல் போயிட்டு. இனி வராது, நான் சொல்றன். இறங்கு, என்ட மகள்.” ஒவ்வொரு விரலாக விட்டுவிட்டு நீ இறங்கி வந்தாய். அப்போது அவளுடைய இரண்டு பையன்களும் எங்கே என்று அவளுக்கே தெரியாது. மூத்தவனைப் பின்னேரம் கண்டெடுத்தார்கள். இளையவனை இன்றுவரை இல்லை. இது உனக்குத் தெரிந்த கதைதான். பின்னால் சொல்லப்போவது இதன்மேல்தான் நிற்கிறது என்பதால் திரும்ப எழுதுகிறேன்.

பிறகு ஊரை மறுபடி கட்டினார்கள். முந்தி ஒழுங்கையின் மற்றப் பக்கத்தால் போன மின்கம்பி, புதுக் கம்பங்களோடு நம் பக்கத்தால் வந்தது. மரம் கம்பியிடம் போகவில்லை, கம்பிதான் மரத்திடம் வந்தது. இந்த நியாயத்தைப் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொப்புக்கு நியாயம் தெரியாது. வெளிச்சம் இருக்கிற பக்கம் வளரும், அவ்வளவுதான். இரண்டு மாரி போனதும் இலை கம்பியைத் தொட்டது. காற்றடித்தால் பொறி பறக்கும், ஒழுங்கை முழுக்கக் கரண்ட் போகும். பதினாறு வீடு. நான் மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு, காற்றுக்கு அப்படித்தான் என்று அயலாருக்கு விளக்கம் சொல்வேன். வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்களும் போய்விடுவார்கள்.

நீ வந்தாறுமூலையில் பல்கலைக்கழக விடுதியில் இருந்த காலத்தில் மின்சாரக் கந்தோரிலிருந்து கொப்பு வெட்டும் ஆட்கள் முதன்முறை வந்தார்கள். அவர்களை மேற்பார்க்கும் ஓவசியர் ஏறாவூர் ஹனிபா. மெல்லிய மனிதர், எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வார். மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

“சேர், வேம்பு வயருக்குள்ள பூந்திரிக்கி. இந்தப் பக்கத்தால ஒரு மூணு அடி எடுத்துட்டா உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.”

“மரம் பட்டுப்போகாதா?”

“வேம்பு படுறதா? எங்கட ஊட்டு வேம்ப ஆட்டுக்கு ஒடிச்சு ஒடிச்சு மொட்டையாக்கி வெச்சிரிக்கன் சேர், அது என்னோட போட்டிக்குத் தழைக்குது. படிச்சுக் குடுத்த மனிசன் நீங்க, உங்களுக்கு நான் சொல்றதா?”

அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை ஓரத்தை ஒதுக்கிவிட்டால் மரமும் வாழும், கம்பியும் வாழும். பின்வளவு முருங்கையை நானே அப்படித்தான் வெட்டி வந்தேன். ஆனால் அவருடைய ஆள் ஒருவன் லொறியிலிருந்து நீளக் கம்பில் கட்டிய கொக்கைக் கத்தியை இறக்கியதும், எனக்கு உன் விரல்கள் ஞாபகம் வந்தன. அந்தக் கொப்பை நீ பிடித்திருந்த இடம் எது என்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாததால் எல்லாக் கொப்பும் அந்தக் கொப்பாகவே தெரிந்தது. ஒரு கிழமை பொறுக்கச் சொன்னேன். “அதுக்கென்ன சேர், புதன்கிழமை வாறம்” என்று போனார். இந்த மரத்தில் என் பிள்ளை பிழைத்தாள், எனக்கு மனம் கேட்கவில்லை, நீங்களே ஒரு வழி சொல்லுங்கள் என்று அவரிடம் அப்போதே சொல்லியிருந்தால், அந்த மனிதர் தானே ஏறி, பூப்பறிப்பது போல ஒதுக்கித் தந்திருப்பார். நான் சொல்லவில்லை. துக்கத்தை வெளியே சொல்வது எனக்குக் கூச்சமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை இரவு என் பழைய வெள்ளை வேட்டியொன்றைக் கிழித்தேன். மஞ்சளைக் கரைத்து நனைத்தேன். வேம்பின் இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றி முடிந்தேன். அடியில் ஒரு கருங்கல்லை நட்டு, செவ்வரத்தம் பூ இரண்டு வைத்தேன். பிறகு கை கழுவினேன். மஞ்சள் பிடித்த விரலில் சவர்க்காரம் பட்டதும் இரத்தம் போலச் சிவந்தது. வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டி, கைதட்டு வாங்கிய பரிசோதனை அது. அன்றைக்குக் கைதட்ட ஒருவரும் இல்லை.

ஆம் மகள். நீ விடுமுறைக்கு வந்து, “துணியை ஆரப்பா கட்டின?” என்று கேட்டபோது, மகேசு அக்கா என்று சொன்னேன். கட்டியது நான்.

புதன்கிழமை ஹனிபா வந்தார். லொறியை நிறுத்தாமல் உறுமவிட்டு இறங்கியவர், துணியைக் கண்டதும் திரும்பிக் கையைக் காட்டி அதை நிறுத்தச் சொன்னார்.

“இது எப்ப சேர்?”

“முந்தியே உள்ளது.”

“போன கிழமை நான் காணல்லியே.”

“நீங்க வயரத்தானே பாத்தீங்க.”

இப்படிப் பேச எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவர் துணியிலிருந்து என் கைகளுக்குப் பார்வையை இறக்கினார். “இது உங்கட சாமி விசயம் சேர். நான் ஏறாவூரான். இதுல நான் கத்திய வெச்சனெண்டா நாளைக்குக் கதை வேற மாதிரிப் போகும். நீங்க பெரியாக்கள் பேசி ஒரு முடிவச் சொல்லுங்க” என்றார். அவருடைய ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள், லொறி போனது. நான் வென்றுவிட்டேன். எதை வைத்து வென்றேன் என்று யோசித்துப் பார். அம்மனை வைத்தல்ல. அந்த மனிதரின் மரியாதையையும், அந்த நாட்களில் தமிழர், முஸ்லிம்கள் என்ற நம் இரண்டு சமூகத்துக்கும் நடுவில் இருந்த பயத்தையும் வைத்து வென்றேன். நீ இப்போது வேற்று மனிதர்களுக்கு நடுவில் வாழ்கிறாய். உன்னை மதித்து ஒருவர் பின்வாங்கினால், அந்த மதிப்பை ஆயுதமாக எடுக்காதே. நான் எடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் மகேசு அக்கா ஒரு சிட்டி விளக்கோடு வந்து நின்றாள். கடல் வந்த நாளுக்குப் பிறகு அவள் எந்தக் கோயில் படியும் ஏறியதில்லை என்பது உனக்குத் தெரியும். “அம்மா நம்மட ஒழுங்கைக்கே வந்திரிக்கா, நீங்க ஒரு சொல்லுச் சொல்லல்லியே சேர்” என்று செல்லமாகக் கோபித்தாள். நான் வாயைத் திறந்தேன். அவள் குனிந்து விளக்கை ஏற்றி, கல்லைப் பார்த்து, சின்னவன் வெளிச்சம் இல்லாமல் பயப்படுவான் என்று சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டேன். நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்? அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக் காலத்தில் மரத்தடியில் கும்பம் வைத்தார்கள். ஒரு வருடத்துக்குள் அது என் துணி இல்லை, என் மரமும் இல்லை. நான் நினைத்தாலும் ஒரு குச்சியை ஒடிக்க முடியாது. மரமோ ஒவ்வொரு மழைக்கும் கம்பிக்குள் ஒரு முழம் போய்க்கொண்டிருந்தது.

இனிச் சசியைப் பற்றி எழுத வேண்டும். எழுதப் பிடிக்காமல் இவ்வளவு நேரம் சுற்றிவந்தேன்.

சசி என்னிடம் படித்தவன் என்பது உனக்குத் தெரியும். வவுணதீவுப் பக்கம். அங்கே சண்டை வந்து குடும்பம் இடம்பெயர்ந்து, படிப்பை விட்டு, பிறகு கம்பத்தில் ஏறும் வேலைக்குச் சேர்ந்தான். நம் ஒழுங்கையில் கரண்ட் போகும்போதெல்லாம் அவன்தான் வருவான். ஏணியைச் சாத்திக்கொண்டே, “என்ன சேர், அம்மாட கோவம் இன்னும் தீரல்லியா? உங்களுக்கும் அவவுக்கும் என்ன பிரச்சினை?” என்று பகிடி விடுவான். ஆனால் மரத்தில் கத்தி வைக்க மாட்டான். கம்பியைத் தொடும் கொப்பை வளைத்து இழுத்து, நைலோன் கயிற்றால் அடிமரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போவான். வந்து வந்து ஏழெட்டுக் கொப்பு அப்படிக் கட்டியிருந்தான். ஒருமுறை மட்டும், கம்பிக்குள் சிக்கிய விரல் மொத்தக் கொப்பொன்றை வேறு வழியில்லாமல் நறுக்கினான். இறங்கி வந்து சூடம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நான் வாசலில் நின்று பார்த்துச் சிரித்தேன். அவனுடைய வகுப்பில்தான் ஒருநாள் கோடு போடும் அடிமட்டத்தை மேசை விளிம்பில் வளைத்துப் பிடித்து, நுனியில் வெண்கட்டித் துண்டை வைத்து, வளைத்த பொருளுக்குள் விசை ஒளிந்திருக்கும், விட்ட உடனே வெளியே வரும் என்று விளக்கினேன். வெண்கட்டி பறந்துபோய்ச் சசியின் நெற்றியில்தான் பட்டது. வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். அவன் அந்த மரத்தில் கொப்புகளை ஒவ்வொன்றாக வளைத்துக் கட்டும்போது அந்தப் பாடம் எனக்கு ஞாபகம் வரவில்லை. படிப்பித்தவனுக்கே வரவில்லை.

வன்னியில் சண்டை முடியும் அந்த நாட்களில், ஒழுங்கையே நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால்தான் இருந்தது. உனக்குப் பரீட்சை நேரம், விடுதியை விட்டு வரவில்லை. சனங்கள் தண்ணீருக்குள்ளால் நடந்து வெளியே வருவதைக் காட்டினார்கள். யாருக்கும் செய்தி தேவைப்படவில்லை, முகங்கள்தான் தேவைப்பட்டன. மகேசு அக்காவின் தங்கை வசந்தி குடும்பத்தோடு அங்கே அகப்பட்டிருந்தாள். அக்கா திரைக்கு ஒரு முழம் கிட்ட, நிலத்தில் இருந்தாள். மத்தியானம், வெளியே கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று அக்கா விரலைத் திரையில் வைத்தாள். “இவ… இஞ்ச பாருங்க, இவ வசந்தியெல்லுவா? புள்ளையத் தூக்கிட்டு…” அந்தக் கணம் வேம்பு ஒருதரம் சரசரத்தது. திரை கறுத்தது.

“சேர், புடிங்க! புடிங்க சேர்!” என்று கத்தினாள். போன படத்தை யார் பிடிக்க முடியும்? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் சசிக்குத் தொலைபேசி எடுத்தேன். சோற்றில் கை வைத்திருந்தவன், கழுவிவிட்டு வந்தேன் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தான். ஒழுங்கை முனைக் கம்பத்தில் பியூசைக் கழற்றிவிட்டு, ஏணியில் ஏறினான். அவிழ்ந்து தொங்கிய ஒரு கொப்பை மறுபடி கட்டுவதற்காக, பக்கத்துக் கொப்பின் பழைய கயிற்றைக் கொஞ்சம் இளக்கினான். அவ்வளவுதான். வெயிலில் இற்றுப்போன கயிறு அறுந்தது. இரண்டு வருடம் வளைந்து நின்ற கொப்பு நிமிர்ந்து வந்து அவன் தோளில் அடித்தது. கீழே மதகின் கொங்கிறீட் விளிம்பு. விழுந்த சத்தத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

பொழுதுபடக் கரண்ட் வந்தது. தொலைக்காட்சியும் வந்தது. அந்தப் பெண்ணின் முகம் திரும்ப வரவில்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு வசந்தி பிள்ளையோடு ஒரு முகாமில் இருப்பதாக அறிந்தோம். அக்கா ஓடிவந்து வேம்பைக் கட்டிப்பிடித்து அழுதாள். அம்மன்தான் முகத்தைக் காட்டித் தந்தாள் என்றாள். அதற்குப் பிறகு அந்தத் துணியைப் பற்றி உண்மை சொல்ல இருந்த கடைசி வழியும் அடைபட்டதாக நினைத்தேன்.

சசியின் வலதுகை தோளிலிருந்து தொங்கிவிட்டது. உனக்கு இதுவரை தெரியும். தெரியாதது இது. ஆசுபத்திரியில் அவனைப் பார்க்கப் போன முதல் நாள், என்னைத் தலைமாட்டுக்குக் கிட்டக் கூப்பிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்: “நான் அண்டைக்கு ஒரு கொப்பு வெட்டினன்தானே சேர். அதுக்குத்தான் அம்மாட கோவம். அவவில பிழையில்ல.” நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து, அவன் வாயில் ஒரு சுளையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பிழைகளில் எது பெரியது என்று என்னைக் கேட்டால், துணி கட்டியதைச் சொல்ல மாட்டேன். அந்தச் சுளையைத்தான் சொல்வேன். மூன்று வருடமாக ஒவ்வொரு வைகாசியும் அவன் அந்தத் தொங்கும் கையோடு வந்து, மன்னிப்புக் கேட்டுப் படையல் மடை வைத்துவிட்டுப் போகிறான். இப்போது கந்தோரில் அவனுக்குத் தொலைபேசி எடுக்கும் வேலை. எந்த ஒழுங்கையில் கரண்ட் போனது என்று இடதுகையால் எழுதிக்கொள்கிறான்.

போன மாதம் ஹனிபா வந்தார். தாடி நரைத்துவிட்டது, அடுத்த வருடம் ஓய்வு என்றார். வேரடி மண் அரித்துப்போயிருப்பதையும் கவடு பிளந்திருப்பதையும் எனக்குத் தொட்டுக் காட்டினார். “இப்ப மூணு அடிக் கதையில்ல சேர். மாரிக்கு முந்தி அடியோட எடுக்கோணும். இல்லாட்டி ஒரு நாளைக்குக் கம்பத்தையும் இழுத்துட்டு விழும். சசிட இடத்துக்கு வந்த பொடியனுக்குப் போன மாசந்தான் புள்ள பிறந்த. கரண்ட் போனா அவன்தான் ஏறோணும்.” அன்றைக்கு அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை.

“தெரியும் சேர். மஞ்சள் ஈரங் காயல்ல. உங்கட விரலையும் பாத்தன்.”

“பிறகு ஏன் திரும்பிப் போனீங்க?”

“படிச்ச மனிசன் இப்பிடிப் பொய் சொல்றாரெண்டா, உள்ளுக்க என்னமோ பெரிய நோவு இரிக்கி எண்டு நினைச்சன். நான் போயிரிக்கப்படாது. அந்தப் பொடியன்ட கையில எனக்கும் பங்கிரிக்கி.” பிறகு படிவத்தை நீட்டினார். வளவு மகளுடையது என்றேன். “அப்ப மகளிட்டக் கேளுங்க. கேக்கிறதுக்கு என்ன சேர், வாய் நோகுமா?”

அவருக்குச் சொன்ன தைரியத்தில் சசியிடமும் போனேன். கந்தோர் வாசலில், தேத்தண்ணி நேரத்தில், எல்லாவற்றையும் சொன்னேன். வேட்டியைக் கிழித்தது, மஞ்சள் கரைத்தது, கல்லை நட்டது. எதையும் மறைக்கவில்லை. அங்கே அம்மனும் இல்லை, கோபமும் இல்லை, நீ ஒரு பாவமும் செய்யவில்லை, பாவம் என்னுடையது என்றேன். அவன் இடதுகையால் என் கையைப் பிடித்தான்.

“சேர், என்ட மனசாறட்டும் எண்டு நீங்க பொய் சொல்றீங்க. எனக்குத் தெரியும் சேர் உங்கள. ஒம்பதாம் வகுப்பில நான் பெயிலாகக்குள்ளயும் பேப்பர் பிழை எண்டுதானே சொன்னீங்க.”

அவன் சொன்னது உண்மை. அன்றைக்கும் அவனை நோகவிடக் கூடாது என்று பொய் சொன்னேன். அதனால் இன்றைக்கு உண்மை சொன்னபோது அவனுக்கு அது பொய்யாகத் தெரிந்தது. நான் எவ்வளவு சொன்னாலும் அவன் தலையை ஆட்டிச் சிரித்தான், என்னைத் தேற்றினான், எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தான். முப்பத்திரண்டு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவன் நான். ஒரு பிள்ளைக்கு ஒரேயொரு விசயத்தை விளங்கப்படுத்த முடியாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

மகள், வெட்ட வேண்டிய நேரத்தில் மூன்று அடி வெட்ட விடு. இது மரத்துக்கு மட்டும் சொல்வதல்ல. மருமகனோடு மனவருத்தம் வந்தால் அன்றைக்கே அந்த ஓரத்தைச் சொல்லிவிடு. வளைத்துக் கட்டி வைக்காதே. எனக்கு அதைச் சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை என்று நான் சொல்ல முடியாது, ஹனிபா வாசலில் நின்று சொன்னார். நான் கேட்கவில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போடு என்று உன்னிடம் கேட்கிறேன். அந்தப் புதுப் பொடியனின் பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று நினைக்கிறேன். உன்னைத் தாங்கிய மரத்தை வெட்ட உன்னிடமே கேட்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். நீ போட்டு அனுப்பினாலும் வேலை முடியாது. அக்கா மரத்தடியில் வந்து இருந்தால் ஹனிபாவின் ஆட்கள் கத்தியை எடுக்க மாட்டார்கள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. மூன்று தரம் அவள் வாசல்வரை போய், வெயில் கடுமை என்று கதைத்துவிட்டுத் திரும்பினேன். நீ அவளுக்குத் தொலைபேசி எடுப்பாயா? என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு உன்னை இறக்கியபோது அவள் குரல் எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருந்தால், அந்தக் குரலில் ஏதாவது சொல்.

இன்னொன்றையும் எழுதிவிட்டு முடிக்கிறேன். சசியைப் பார்த்து வந்த மறுநாள் காலை, அக்கா எழும்ப முதல், அந்தத் துணியை நானே அவிழ்த்தேன். வாயால் சொல்லி யாரும் நம்பாததைக் கையால் செய்து பார்ப்போம் என்று நினைத்தேன். மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, ஓய்வூதிய விசயமாகப் பாலம் கடந்து பட்டினத்துக்குப் போனேன். பின்னேரம் வந்து பார்த்தால் வேம்பின் இடுப்பில் புதுத் துணி; காலையிலேயே அக்கா யாருக்கோ தொலைபேசி எடுத்தாளாம். மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. கிட்டப் போய் முடிச்சைப் பார்த்தேன். நான் போட்ட முடிச்சைவிட இறுக்கமாக இருந்தது. ஒரு நுனி மட்டும் கசங்கி நனைந்திருந்தது, அதில் பல் பதிந்த தடம் இருந்தது. ஒற்றைக் கையால் முடிச்சுப் போடுகிறவன் மற்ற நுனியைப் பல்லால்தான் இழுக்க வேண்டும்.

நான் அதை அவிழ்க்கவில்லை. என்னால் முடியவில்லை, மகள். மழை இன்னும் தொடங்கவில்லை. புள்ளடி பென்சிலால்தான் போட்டிருக்கிறேன், வேண்டாமென்றால் அழித்துவிடலாம்.

உன் வீட்டில் இருக்கும்,
அப்பா